டிரையர் மக்கர் செய்தால்: நாமே பார்ப்பதா, டெக்னீஷியனைக் கூப்பிடுவதா, மாற்றிவிடுவதா?

துணி உலர்த்தும் எலெக்ட்ரிக் டிரையர் ஒழுங்காக வேலை செய்யாமல் போனால் மூன்று வழிகள் உண்டு: மூடியைக் கழற்றி நாமே பார்ப்பது, டெக்னீஷியனை வரவழைப்பது, மெஷினையே மாற்றிவிடுவது. பலர் மெஷினின் வயதை வைத்து முடிவெடுக்கிறார்கள். ஐந்து வருடம்தான் ஆகிறதென்றால் ரிப்பேர், பத்தைத் தாண்டிவிட்டதென்றால் புதுசு. இந்தக் கணக்கு பல நேரம் தப்பாகிவிடும். 12 வருடம் ஓடிய டிரையரில் பெல்ட் அறுந்திருந்தால், அதை மாற்றிவிட்டு இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம். ஈரக் காற்றின் சூட்டையே திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் டிரையர் நான்கே வருடமானதாக இருந்தாலும், அதன் கம்ப்ரஸர் கேஸ் கசிந்திருந்தால், ரிப்பேர் செலவு புது மெஷின் விலையை நெருங்கிவிடலாம். முதலில் தெரியவேண்டியது பழுது எந்த இடத்தில் என்பது.

டிரையருக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. காற்று ஓடுகிறது, அந்தக் காற்று சூடாகிறது, டிரம் சுற்றுகிறது, இவற்றை ஒரு டைமரோ போர்டோ கட்டுப்படுத்துகிறது. ஹீட் பம்ப் மாடலில் இவற்றோடு ஃப்ரிட்ஜில் இருப்பதைப் போன்ற, சீல் செய்த கம்ப்ரஸர் சர்க்யூட்டும் சேர்ந்துகொள்கிறது. காற்றுப் பாதையில் கோளாறு என்றால் அநேகமாக நாமே சரிசெய்துவிடலாம். கம்ப்ரஸர் பக்கம் என்றால் நாம் கை வைக்கவே கூடாது. யோசிக்க வேண்டியதெல்லாம் நடுவில் இருப்பவற்றில்தான்.

முடிவெடுக்கும் முன் அரை மணி நேரம்

"முன்னெல்லாம் ஒரு சுற்றில் காயும், இப்போது இரண்டு தடவை போடவேண்டியிருக்கிறது" என்ற புகாரில் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் விழ வேண்டும். சூடு மட்டும் துணியை உலர்த்திவிடாது. சூடான காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே வெப்பம் ஏறும், தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கும், ஆறியதும் மறுபடி போடும், மறுபடி அணைக்கும். துணி புழுங்கிக்கொண்டே கிடக்கும்.

ஹீட்டரும் குழாயும் உள்ள சாதாரண டிரையரில் இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். 20 நிமிடம் ஓடியபின் கதவைத் திறந்து துணியைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் காற்று அடைப்பு. குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்தால் ஹீட்டர் பக்கம் கோளாறு. இந்த ஒரு சோதனை பாதி வழியைக் காட்டிவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் எடை போட்டுப் பாருங்கள். துவைத்த துணியை வாளியோடு எடை பார்த்துவிட்டு டிரையரில் போட்டு, 20 நிமிடம் கழித்து அதே வாளியில் எடுத்து மறுபடி எடை பாருங்கள். 2,500 வாட் ஹீட்டர் உள்ள மெஷினில் எடை அரை கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். ஹீட் பம்ப் மெஷின் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால் அதற்கு 40 நிமிடம் கொடுங்கள். எடை நன்றாகக் குறைந்தும் துணி கடைசியில் ஈரமாக வந்தால் டிரையரில் குற்றமில்லை. வாஷிங் மெஷின் சரியாகப் பிழியவில்லை, அல்லது டிரம்மில் துணி அதிகம், அல்லது சென்சார் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது.

பிழிவதன் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 0.63 யூனிட் அளவுக்குச் சூடு கட்டாயம் வேண்டும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் சாதாரண டிரையரில் இதற்கு ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டை ஒட்டி வரும். வாஷிங் மெஷினில் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் பிழிந்த துணியில் அதன் உலர்ந்த எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர் தங்கியிருக்கும், 1,400 சுற்றில் பிழிந்ததில் 50 சதவீதம். 6 கிலோ துணிக்கு இந்த வித்தியாசம் 1.2 லிட்டர் தண்ணீர். ஸ்பின் வேகத்தைக் கூட்டினால் சாதாரண டிரையரில் ஒரு லோடுக்கு ஒரு யூனிட்டாவது மிச்சமாகும். டிரையரை மாற்றலாமா என்று நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

காற்றுப் பாதை: இதற்கு ஆள் தேவையில்லை

ஃபில்டரில் இருந்து பஞ்சை உருவி எடுத்ததும் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். வலையை வெளிச்சத்தில் பிடித்தாலும் பளிச்சென்றுதான் இருக்கும். அதைக் குழாயடியில் தட்டையாகப் பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உடனே இறங்கிவிட்டால் சரி. குளம் கட்டி நின்றால், துணியை மென்மையாக்கும் சாஃப்டனரும், அதற்காகவே டிரையரில் போடும் டிரையர் ஷீட்டும் விட்டுச்சென்ற மெழுகுப் படலம் வலைக் கண்களை மூடியிருக்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து அலசி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈர ஃபில்டரைப் போட்டால் அதில் ஒட்டும் பஞ்சு பசைபோல் இறுகிவிடும்.

அடுத்தது வெளியேற்றும் குழாய். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, முன்னால் இழுத்து, பின்பக்கக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் குழாயின் உள்சுவரில் பஞ்சு கெட்டியாகப் படிந்திருந்தால் நீண்ட பிரஷ்ஷும் வேக்குவமும் போதும். சுவருக்கு வெளியே இருக்கும் மூடியையும் மறக்காதீர்கள். டிரையர் ஓடும்போது அது நன்றாகத் திறந்து, காற்று கையில் வேகமாக அடிக்க வேண்டும். அங்கே பூச்சி வராமலிருக்க யாராவது வலை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த வலைதான் அடைத்துக்கொள்ளும் முதல் இடம்.

குழாயே தவறான வகையாக இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். வளையும் ஃபாயில் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு தங்கும். வழவழப்பான உலோகக் குழாய்தான் சரி. இணைப்புகளை அலுமினியம் டேப்பால் ஒட்ட வேண்டும். ஸ்க்ரூ போட்டால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடித்துவைக்கும். ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் சுமார் ஒன்றரை மீட்டர் நேர்க்குழாய் அளவுக்குக் காற்றைத் தடுக்கும். ஆகவே குழாய் எவ்வளவு நீளம் என்பதோடு எத்தனை தடவை திரும்புகிறது என்பதையும் எண்ண வேண்டும்.

ஈரத்தை உள்ளேயே தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கண்டென்ஸர் டிரையரில் குழாய் கிடையாது. அதற்குப் பதில் ஈரக் காற்றைக் குளிரவைக்கும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடியில் இருக்கும். பூட்டைத் திருப்பி வெளியே இழுத்து, ஷவரால் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவைத்து, ரப்பர் சீல் மடங்காமல் திரும்பப் போட வேண்டும். வாரம் நாலைந்து சுற்று ஓடுகிற வீட்டில் மாதம் ஒருமுறை இது தேவைப்படும். காற்று கசிகிறதா என்பதை எடைக் கணக்கிலேயே பார்க்கலாம்: துணி 2 கிலோ எடை இழந்தால் தொட்டியில் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர்தான் இருக்கிறது, ஜன்னல் கண்ணாடி வியர்க்கிறது என்றால் கதவு ரப்பரையோ எக்ஸ்சேஞ்சரின் சீலையோ பாருங்கள். தொட்டி காலியாக இருக்கும்போதே "தொட்டி நிரம்பியது" என்ற விளக்கு எரிந்தால், அடியிலுள்ள குழியில் பஞ்சுச் சேறு மிதவையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பம்ப் அடைத்திருக்கிறது. இதற்கும் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போதும்.

சூடு வரவில்லை என்றால்

கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவருக்கும் டெக்னீஷியனுக்கும் போட்டி வருவது இங்கேதான். தேவையான கருவி ஒரு சாதாரண மல்டிமீட்டர். பிளக்கைப் பிடுங்கியபின் ஓம் அளவில் வைத்துப் பார்க்கும் சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். கரண்ட் இருக்கும்போது வோல்ட் பார்க்கும் சோதனைகள் எல்லாவற்றையும் டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். இந்த எல்லைக்கோடு அசையக் கூடாது.

முதலில் பிரேக்கர். இரண்டு லைன் சேர்ந்த 240 வோல்ட் இணைப்பு உள்ள நாடுகளில் மோட்டார் ஒரு லைனிலேயே ஓடும், ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும். ஒரு லைன் மட்டும் போயிருந்தால் டிரம் அழகாகச் சுற்றும், சூடு மட்டும் வராது. இரட்டை பிரேக்கரை முழுக்க அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

அடுத்தது தெர்மல் ஃபியூஸ். காற்றைத் தள்ளும் ஃபேனின் கூண்டு மேலோ ஹீட்டர் பெட்டியின் மேலோ இரண்டு கம்பியோடு ஒட்டியிருக்கும் விரல் நீளச் சின்னப் பொருள். ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் போய்விட்டது. சில மாடல்களில் இது போனால் சூடு மட்டும் நிற்கும், சிலவற்றில் மெஷினே கிளம்பாது. விலை குறைந்த பாகம், மாற்றப் பத்து நிமிடம்.

ஆனால் இந்த ஃபியூஸ் தானாகச் சாவதில்லை. எங்கேயோ சூடு தேங்கியதால்தான் போயிருக்கிறது. காற்றுப் பாதையைச் சுத்தம் செய்யாமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். ஃபியூஸைச் சுற்றி ஒரு கம்பியைப் போட்டு நேராக இணைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு பற்றி எரிவதற்கு முன் நிற்கும் கடைசிக் காவல் அது. சோதனைக்காகக்கூட அப்படிச் செய்யாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஹீட்டர். எவ்வளவு ஓம் வரவேண்டும் என்பதை நாமே கணக்குப் போடலாம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்ட், 2,500 வாட் என்றால் சுமார் 21 ஓம். 240 வோல்ட், 5,400 வாட் என்றால் சுமார் 10.7 ஓம். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டரின் காயில் (சூடேறும் சுருள் கம்பி) அறுந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தால் அறுந்த முனை கறுத்து, உருண்டு தெரியும். இன்னொரு சோதனையைத் தவறவிடாதீர்கள்: ஹீட்டரின் ஒவ்வொரு முனைக்கும் அதன் உலோகக் கூண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் தொடர்பே இருக்கக் கூடாது. தொடர்பு இருந்தால் காயில் தொங்கிக் கூண்டைத் தொடுகிறது. இந்த நிலையில் சில மெஷின்களில், சூடு வேண்டாம் என்று வைத்தாலும் காயில் எரிந்துகொண்டே இருக்கும். அறுந்த காயிலை முறுக்கி ஒட்டவைப்பது வீண்வேலை, அதே இடத்தில் மறுபடி எரியும். முழு ஹீட்டரையும் மாற்றுங்கள். சூடு எல்லை மீறினால் ஹீட்டரை அணைக்கும், பக்கத்திலுள்ள ஹை லிமிட் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த செட்டாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஹீட்டர், ஃபியூஸ், தெர்மோஸ்டாட் மூன்றும் சரி, ஆனாலும் சூடில்லை என்றால் போர்டிலுள்ள ரிலேயோ (ஹீட்டருக்குக் கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) டைமரோதான் மிச்சம். இங்கே நிறுத்திக்கொண்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். ஊகத்தில் போர்டு வாங்குவதுதான் சொந்த ரிப்பேரில் அதிகம் பணம் போகும் இடம். மின் பாகத்தைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை.

டிரம் சுற்றவில்லை, சத்தம் வருகிறது

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் டிரம்மைச் சுற்றுங்கள். எந்தத் தடையும் இல்லாமல் லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கிறது. பெல்ட் வாங்கும்போது கதவின் உள்விளிம்பிலுள்ள தகட்டில் இருக்கும் முழு மாடல் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். ஒரே தோற்றமுள்ள மெஷின்களில் பெல்ட் நீளம் வேறுபடும். பெல்ட்டின் பிடிப்பு கையில் தெரிந்து, மெஷினைப் போட்டால் மோட்டார் உறுமியும் கிளம்பாவிட்டால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். கெபாசிட்டர் வைத்த மோட்டார்களில் அதன் மேல் மைக்ரோஃபாரட் அளவு அச்சிட்டிருக்கும், மீட்டரில் அதைவிட வெகுவாகக் குறைந்தால் மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதால், அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர் தொட வேண்டாம்.

தடதடவென்று அடித்தால் டிரம்மைத் தாங்கும் உருளை தேய்ந்திருக்கிறது, கீச்சென்று கத்தினால் பெல்ட்டை இழுத்துப்பிடிக்கும் சின்னச் சக்கரம். இரண்டுமே மலிவு. உருளைகளை ஜோடியாக மாற்றுங்கள். எண்ணெய் விட்டால் இரண்டு நாள் சத்தம் அடங்கும், பிறகு எண்ணெயில் பஞ்சு ஒட்டி நிலைமை மோசமாகும். இந்த வேலைகளில் பாகத்தின் விலையைவிட டிரம்மைக் கழற்றி மாட்டும் நேரம்தான் அதிகம். முதல் தடவை என்றால் ஒரு முழு மதியம் ஒதுக்கி, பெல்ட் ஓடும் வழியைக் கழற்றும் முன்பே ஃபோட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பொறுமையோ இடமோ இல்லாதவர் டெக்னீஷியனுக்குக் கொடுக்கும் கூலி நியாயமான செலவுதான்.

சீக்கிரம் நின்றுவிடுகிறது, துணி ஈரமாகவே இருக்கிறது என்றால் டிரம்முக்குள் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகளைப் பாருங்கள். ஈரத் துணி அவற்றைத் தொடும்போது ஓடும் சின்ன மின்னோட்டத்தை வைத்துத்தான் மெஷின் ஈரத்தை அறிகிறது. சாஃப்டனர் படலம் மூடிவிட்டால் "காய்ந்துவிட்டது" என்று முடிவுகட்டிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

டெக்னீஷியனைக் கூப்பிடும்போது

"டிரையர் ஓடவில்லை" என்று சொன்னால் ஆள் வெறுங்கையோடு வருவார், பாகத்துக்காக இரண்டாம் முறை வருவார், வருகைக் கட்டணமும் இரண்டு முறை ஆகலாம். மாடல் எண்ணைச் சொல்லுங்கள். டிரம் சுற்றுகிறதா, காற்று வருகிறதா, சூடு வருகிறதா, திரையில் என்ன பிழைக் குறி என்று நான்கு பதிலையும் சொல்லுங்கள். ஃபில்டரும் குழாயும் சுத்தம் செய்தாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதற்கே ஒரு கூலி போகாது. பாகத்தை மாற்றும் முன் மீட்டர் அளவைக் காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃபியூஸை மாற்றிவிட்டுக் காற்றுப் பாதையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்புகிறவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார். வாரண்டி இருக்கும் மெஷினை நாமே திறக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எப்போது மாற்றுவது, எதற்கு மாற்றுவது

ரிப்பேர் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்பார்கள். இதை மோட்டார், போர்டு, கம்ப்ரஸர் ஆகிய மூன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட், உருளை, ஃபியூஸ், ஹீட்டர் போன்றவற்றில் இந்தக் கணக்கே வராது. டிரம்மோ அடித்தகடோ துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும், கம்பிகள் உருகிய தடம் பல இடங்களில் தெரிந்தாலும், வேறெதையும் பார்க்காமல் மாற்றிவிடலாம்.

புதிதாக வாங்கும்போது முன்னால் மூன்று வகைகள். குழாய் வழியே காற்றை வெளியே தள்ளும் வகை விலை குறைவு, உள்ளே சிக்கலில்லை, வேகமாக உலர்த்தும், கைப்பழக்கம் உள்ளவர் அதிகம் சரிசெய்துகொள்ளக்கூடியது. ஆனால் சூடு அத்தனையும் வெளியே போகிறது. 8 கிலோ துணிக்கு நான்கு, ஐந்து யூனிட் ஆகும். கண்டென்ஸர் வகையிலும் மின்செலவு ஏறக்குறைய அதேதான். சுவரில் துளை போட முடியாத வீட்டுக்கு உதவும், மற்றபடி இன்று அதை வாங்கப் பெரிய காரணம் இல்லை.

ஹீட் பம்ப் வகை, ஈரக் காற்றில் இருக்கும் சூட்டையே திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறது. அதனால் அதே 8 கிலோவுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட்டில் முடித்துவிடும். காற்றின் வெப்பம் 50, 60 டிகிரியைத் தாண்டாததால் துணிக்கும் நல்லது. நேரம்தான் அதிகம், முழு லோடுக்கு இரண்டரை மணிக்கு மேல் போகலாம். பாதி எடை துணி போட்டால் மின்செலவும் குறையும் என்பதால் வித்தியாசத்தை உங்கள் வாரக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாரம் ஐந்து முழு லோடு என்றால் வருடத்துக்கு 600, 700 யூனிட் மிச்சமாகும். விலை வித்தியாசம் சில வருடத்தில் திரும்பிவிடும். வாரம் ஒரே லோடு என்றால் திரும்புவதற்குள் மெஷினின் ஆயுளே முடிந்துவிடலாம்.

இதைவிடப் பெரிய கேள்வி, அதைச் சுத்தம் செய்ய வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பது. ஹீட் பம்ப் மாடலில் கதவு ஃபில்டரைத் தாண்டியும் பஞ்சு போகும். அடிப்பகுதியிலுள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டரை அடிக்கடி அலச வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளை மென்மையான பிரஷ் மாட்டிய வேக்குவத்தால் மேலிருந்து கீழாக, தகடுகளின் போக்கிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் மடங்கிக் காற்றை அடைக்கும், வெறுங்கையால் தொட்டால் கிழிக்கும். இதைச் செய்யாத வீட்டில் சில மாதங்களிலேயே நேரம் நீளும், யூனிட் ஏறும், கம்ப்ரஸர் திணறும். தானே கழுவிக்கொள்ளும் கண்டென்ஸர் என்று விற்கும் மாடல்கள் இந்த வேலையைக் குறைக்கின்றன, ஆனால் சிலவற்றில் தகடுகள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால், அடைத்துக்கொண்டால் மெஷினையே பிரிக்க வேண்டும். கதவைத் திறந்து கையால் எட்டக்கூடிய தகடுகள் உள்ள மாடலே நீண்ட காலத்துக்கு நல்லது. பல மாடல்களில் இருக்கும் ஆர்290 என்ற கேஸ் உண்மையில் புரொப்பேன், தீப்பற்றக்கூடியது. அந்தக் குழாய்களில் பழுது பார்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

ஆகவே வாரம் பல லோடு போட்டு, ஃபில்டர்களை ஒழுங்காக அலசும் வீட்டுக்கு ஹீட் பம்ப். எப்போதாவது ஓட்டுகிற, வெளியே குழாய் விட வசதியுள்ள வீட்டுக்குக் குழாய் வகை.

ஹீட் பம்ப் டிரையர் வந்து இறங்கும்போது படுக்கவைத்துக் கொண்டுவந்தார்களா என்று கேளுங்கள். அப்படியென்றால் நிமிர்த்தி வைத்து, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து பிறகு பிளக்கைச் செருகுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்க அந்த அவகாசம் வேண்டும். குழாய் வகையை வாங்கியிருந்தால், பழைய மெஷினை வெளியே எடுத்ததும் புதியதைத் தள்ளி வைப்பதற்கு முன்பே சுவரிலுள்ள குழாயைக் கடைசிவரை சுத்தம் செய்துவிடுங்கள். அந்த இடம் கைக்கு எட்டுவது மெஷின் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான்.